தொண்ணூற்றைந்தில் கொதித்த தண்ணீர்

வேதியியலில் நான் தோற்றால் எங்களுக்கு வீடு நிற்கும். தேறினால் வீடு போய்விடும். என்னோடு படித்தவர்கள் யாருக்கும் இப்படி ஒரு வசதி இருக்கவில்லை. தோற்றால் அவர்களுக்கு வீட்டில் திட்டு மட்டும்தான் கிடைக்கும்.

அப்பா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். கொழுந்து மூட்டைகளை மேட்டிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்குவது அவர் வேலை. நாங்கள் இருந்த தொழிலாளர் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். அந்த வருஷக் கடைசியில் அப்பாவுக்கு ஓய்வு. குடும்பத்திலிருந்து இன்னொருவர் வேலைக்குப் பெயர் கொடுத்தால் அங்கேயே இருக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மிச்சம் நான் ஒருவன்.

நானோ மலைக்குக் கீழே ஈப்போவில் ஒரு கல்லூரியில் அடிப்படைப் படிப்பில் இருந்தேன். இருந்தேன் என்பதுதான் சரியான சொல். படித்தேன் என்று சொன்னால் என் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். வேதியியல் முதல் பருவத்திலேயே என்னைக் கீழே தள்ளிவிட்டது. அந்தத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண் ஹைட்ரஜனின் அணு எண்ணைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சமன்பாட்டைச் சமப்படுத்தச் சொல்வார்கள். இடப்பக்கம் ஒரு ஆக்ஸிஜனைச் சேர்த்தால் வலப்பக்கம் இரண்டு குறையும். அதைச் சரிசெய்து நிமிர்ந்தால் நடுவில் ஒரு குளோரின் காணாமல் போயிருக்கும். அடுத்த பருவத்தில் மறுபடி படித்து எழுத ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதிலும் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் லோரியை நிறுத்தி அப்பாவிடம் சொன்னாராம்: "தம்பிக்குப் படிப்பு சரிப்பட்டு வரலன்னா சொல்லுங்கண்ணே. மேனேஜர் துரைகிட்ட நான் பேசறேன். லோரிக்கு ஆள் வேணும் லா."

"அவன் ஓட்டுனா லோரிய பள்ளத்துலதான் தேடணும்," என்றிருக்கிறார் அப்பா. என்னை இறக்கிப் பேசியே என்னைக் காப்பாற்றுவது அவர் பழக்கம்.

பருவத்தின் நடுவில் விடுமுறை வந்தது. எங்கள் விரிவுரையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. மலாய் வழக்கப்படி மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவோம். ஆளுக்கொரு தெர்மோமீட்டர் கொடுத்து, வீட்டுத் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து, எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். அதற்கு நிறைய மதிப்பெண் உண்டு. வகுப்பே சிரித்தது. தண்ணீர் நூறில் கொதிக்கும் என்று ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கே தெரியும் என்றால் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் சிறிய பானையில் தண்ணீர் வைத்து, கண்ணாடிக் குச்சியை நூல் கட்டித் தொங்கவிட்டேன்.

"என்னய்யா இது, காய்ச்சல் பாக்குற குச்சியா?" என்றாள் அம்மா. "பானைக்குக் கக்கம் எங்க இருக்குன்னு வெக்கிற?"

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. குச்சியில் சிவப்புக் கோடு தொண்ணூற்றைந்துக்கு ஏறி நின்றுவிட்டது. அடுப்பைக் கூட்டினேன். நகரவில்லை. தண்ணீரை மாற்றினேன். நகரவில்லை. மருத்துவமனைத் தாதி உதறுவதுபோல் குச்சியை உதறியும் பார்த்தேன். இந்த வகைக் குச்சியை உதறி எந்தப் பயனும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"தண்ணியும் உன்ன மாதிரியே இருக்குய்யா," என்றாள் அம்மா. "பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழயே நின்னுக்குது."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் கொல்லைப்பக்கம் போனாள். சோறு வேகும் நேரத்துக்கு அவளிடம் ஒரு கணக்கு உண்டு. ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். பனி இறங்குவதற்குள் துணிகளை எடுப்பாள். வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவிடம் நின்று பேசுவாள். பேச்சு முடிந்து உள்ளே வந்து பானையை இறக்கினால் சோறு பூப்போல் இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஒரே அடுப்படி, அந்த ஒரே வேலி.

அன்று வேலிவரை போகாமல் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பானையைப் பார்த்துச் சொன்னாள்: "ஃபெயிலானாலும் ஒண்ணும் குடி முழுகிடாதுய்யா. வேல இருக்கு. வீடும் இருக்கும்."

வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் அது கேட்டது.

"வீடு இருக்கும். லோரிதான் இருக்காது," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது ஏற்கெனவே தெரியும். எனக்கு என்ன வேண்டும் என்று இருவரும் கேட்கவில்லை. நல்லவேளை; கேட்டிருந்தால் நானும் லோரியைப் பற்றி ஏதாவது நகைச்சுவை சொல்லித் தப்பித்திருப்பேன்.

இரண்டு நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூறு என்று எழுதினால் தேறலாம். தொண்ணூற்றைந்து என்று எழுதினால், தண்ணீரைக் கொதிக்கவைக்கக்கூடத் தெரியாதவன் என்று புவான் முடிவுகட்டிவிடுவார். நான் தொண்ணூற்றைந்து என்று எழுதினேன். எத்தனை முறை பார்த்தேன், எதையெல்லாம் மாற்றினேன், குச்சியை உதறியது உட்பட அத்தனையும் எழுதினேன். கண்ணால் கண்டதை எழுதினான் என்று யாராவது பாராட்டினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதும்போது என் மனத்தில் அறிவியல் இல்லை. கொல்லையில் நின்ற அம்மா இருந்தாள்.

வகுப்பில் புவான் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூறு, நூறு, நூறு. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. என் தாளில் நிறுத்தி என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன். மனத்துக்குள் பெட்டியைக்கூடக் கட்டி முடித்துவிட்டேன்.

"உன் வீடு எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

"கேமரன் மலை, புவான்."

"மலையில் எங்கே?"

"தானா ராத்தாவுக்கும் மேலே. தேயிலைத் தோட்டம்."

அவர் சிரித்துவிட்டார். கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, அதன் தலையில் ஒரு பானையை வைத்தார். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அந்த உயரத்தில் தொண்ணூற்றைந்துதான் சரி என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, உங்களில் எத்தனை பேர் உண்மையில் அடுப்பைப் பற்றவைத்தீர்கள் என்று கேட்டார். எல்லோரும் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த நண்பன் மட்டும் முணுமுணுத்தான்: "டேய், தண்ணி கொதிக்க வெச்சே டாக்டராயிருவ போல லா."

முழு மதிப்பெண். என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. கடைசித் தேர்வில் நான் விட்ட ஓட்டைகளையெல்லாம் அந்த ஒரு தாள்தான் அடைத்தது. மயிரிழையில் தேறினேன். தோற்பதற்காகக் கொடுத்த தாளால் தேறியவன் அந்தக் கல்லூரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "உண்மையாவா? வேற யார் பேப்பரையும் மாத்தி வெச்சிரலயே?" என்றார். அம்மா போனை வாங்கி, "நல்லதுய்யா," என்றாள். போனை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வருஷக் கடைசியில் அப்பா தன் லோரியிலேயே சாமான்களை ஏற்றி இறக்கினார். துரை கொடுத்த கடைசிச் சலுகை அது. ஈப்போவில் ஐந்தாவது மாடியில் வாடகை வீடு. ரோஜாத் தொட்டிகளை அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அவை இந்தச் சூட்டைத் தாங்காது என்றாள்.

முதல் நாள் வைத்த சோறு குழைந்துவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. அதே அரிசி, அதே பானை, அதே அம்மா. சோற்றை வடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என் கையே போச்சு போல," என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "உன் கை இல்லம்மா. மேல தண்ணி தொண்ணூத்தஞ்சுல கொதிக்கும். இங்க நூறு. சூடு ஜாஸ்தி, சீக்கிரம் வெந்துரும்," என்றேன்.

அவள் பானைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அப்ப இத்தன வருஷமா நான் அரைக் கொதியிலயா உங்களுக்குச் சோறாக்கிப் போட்டேன்?"

"இல்லம்மா. அங்க அதுதான் முழுக் கொதி."

"இதக் கண்டுபுடிச்சதுக்குத்தான் உனக்குப் பாஸ் போட்டாங்களா?"

"ஆமா."

"நல்லாக் கண்டுபுடிச்ச போ," என்றாள். கோபமா வேறொன்றா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுபடி அரிசியைக் கழுவிப் போட்டாள். போட்டதும் பழக்கத்தில் பின்பக்கம் இரண்டடி வைத்தாள். அங்கே சன்னல்தான் இருந்தது. திரும்பி வந்து பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோறு வேகும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எப்ப எறக்கணும்னு நீயே சொல்லு லா," என்றாள். "பாஸ் பண்ணவன் நீதான?"

கரண்டியில் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டேன். நாக்கு வெந்ததே தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம்மா," என்றேன்.

அதுவும் குழைந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன் அப்பா வழக்கத்தைவிட நீளமாக ஜெபம் பண்ணினார். மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டோம்.