நாய் கேட்டு வந்தவர்களுக்கு ஒரு பரீட்சை

பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் நாய்க் காப்பகம். வாசலில் ஒரு போர்டு வைத்திருக்கிறேன். ‘இங்கு எந்த நாயும் கொல்லப்படாது’ என்று நானே யோசித்து, பெயிண்டருக்கு நானே எழுதிக் கொடுத்த வாசகம். படிப்பவர் மனம் இளகும் என்று நினைத்தேன். வைத்த மறுநாளே பால்காரர் வண்டியை நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அப்போ இதுக்கு முன்னாடி கொன்னுட்டு இருந்தீங்களாண்ணா?” என்று கேட்டார்.

அந்தப் போர்டினால் நடந்த ஒரே காரியம், நாயை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் நேராக வந்து எங்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போக ஆரம்பித்ததுதான். சிலர் பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட்டையும் பக்கத்தில் வைப்பார்கள். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் தலையணையே வைத்துவிட்டுப் போவார்கள். தமிழில் ‘வா’, கன்னடத்தில் ‘பா’, தெலுங்கில் ‘ரா’, அப்புறம் இங்கிலீஷ் என்று வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்துத்தான் எந்த வீட்டு நாய் என்று ஊகிப்போம்.

நான் ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்துவிடுவேன். என் கண்ணில் தப்பிய பீஸ் கிடையாது என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. நான் வருவதைப் பார்த்தால் லைனில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்பது வி.ஆர்.எஸ். வாங்கிய பிறகுதான் தெரிந்தது. வெளியே வந்ததும், என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்த அரை ஏக்கரில் ஷெட் போட்டேன். அந்த இடத்தில் ரோஜா போடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அங்கே நாற்பத்து மூன்று நாய்கள் இருக்கின்றன. அவள் ரோஜா என்ற வார்த்தையை எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

காப்பகம் என்றால் நாய் உள்ளே வந்தால் மட்டும் போதாது, நல்ல வீடாகப் பார்த்து வெளியேயும் போக வேண்டும். அதற்காக நான் ஒரு படிவம் தயாரித்தேன். இருபத்திரண்டு கேள்விகள். சொந்த வீடா, வாடகையா? காம்பவுண்டு சுவர் எத்தனை அடி? பகலில் வீட்டில் யார் இருப்பார்? நாய் எங்கே படுக்கும்? வெளியூர் போனால் யார் பொறுப்பு? படிவம் தேறினால் வீட்டுக்கே போய் டேப் வைத்து அளந்து பார்ப்பேன். ஒரு கேள்வியில் தவறினாலும் ரிஜெக்ட்.

மாந்தோப்பு வைத்திருந்த ஒரு விவசாயியை, பன்றி விரட்ட அனுப்புவார் என்று ரிஜெக்ட் செய்தேன். அபார்ட்மென்ட் தம்பதியை லிஃப்டுக்காக ரிஜெக்ட் செய்தேன். ரிட்டயரான ஒரு பெரியவரை, நாய்க்கு முன்னால் அவர் போய்விடுவாரோ என்ற சந்தேகத்தில் ரிஜெக்ட் செய்தேன். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. மூன்று வருடத்தில் நான்கு நாய்களைக் கொடுத்தேன். அதில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் திரும்பி ஓடி வந்தது. வெளியே கவலைப்பட்டேன். உள்ளுக்குள் தலைகால் புரியாத சந்தோஷம்.

இந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தர்மபுரிப் பக்கம். ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை, மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீடு, கூட யாரும் இல்லை. ஷெட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மூலையில் படுத்திருந்த ஒரு கிழட்டுப் பெட்டை நாயைக் காட்டி, “இவள குடுங்க சார்” என்றார்.

அவளை நாங்கள் ஜூஜுவாடிக்காரி என்று கூப்பிடுவோம். பிடித்து வந்த இடம்தான் எங்கள் நாய்களுக்குப் பெயர். ஜூஜுவாடியில் லாரிகள் நிற்கும் இடத்தில், டயருக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். ஒரு கண் பூவிழுந்தது, இடுப்பு சரியில்லை. நான்கு மொழியில் கூப்பிட்டும் அசையாதவள், பிஸ்கட் கவரைக் கசக்கிய சத்தத்துக்கு எழுந்து வந்தாள். என்னிடம் வந்து இரண்டு வருடத்தில் அவளைக் கேட்டு ஒரு ஆள் வந்ததில்லை.

“குட்டி நெறைய இருக்கே, பாக்கலியா?” என்றேன்.

“குட்டிங்கள யாராச்சும் கேப்பாங்க சார். அதுவுமில்லாம நானு வேலைக்குப் போயிட்டன்னா குட்டி ரோட்டுக்கு ஓடிரும். இவ தூங்கிட்டு இருப்பா.”

இதைவிடத் தெளிவான பதிலை என் படிவத்தில் யாரும் எழுதியதில்லை. ஆனால் நான் படிவத்தை நீட்டினேன். வாடகை வீடு, சுவர் இல்லை, பகலில் ஆள் இல்லை. மூன்று சிவப்பு. மன்னிச்சிடுங்கம்மா என்றேன். அவர் கோபப்படவில்லை. “சரிங்க சார். ஞாயித்துக்கிழமை லீவுதான். வந்து பாத்துட்டாவது போறன்” என்றார்.

சொன்னபடி ஒவ்வொரு ஞாயிறும் டவுன் பஸ் பிடித்து வந்தார். கேன்டீனில் மிஞ்சிய சப்பாத்தியைப் பாலில் ஊறவைத்து டப்பாவில் கொண்டுவருவார். ஜூஜுவாடிக்காரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாரம் சூப்பர்வைசர் என்ன சொன்னார், எந்தக் குழம்பு தீய்ந்தது என்று ஒன்று விடாமல் சொல்வார். நாலைந்து வாரத்தில், பஸ் ஹாரன் கேட்டால் அந்த நாய் இடுப்பை இழுத்துக்கொண்டு கேட் பக்கம் போக ஆரம்பித்தது. இரண்டு வருடம் சோறு போட்ட எனக்காக அது ஒரு நாளும் எழுந்து வந்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு கண் தெரியாத நாயின் அன்புக்காக ஒரு சமையல்கார அம்மாவிடம் பொறாமைப்பட்டேன். அதை மறைக்க, விதி விதிதான் என்று இன்னும் விறைப்பாக இருந்தேன்.

அவர் விடாமல் கேட்டதால் ஒருநாள் மத்திகிரிக்கு டேப்போடு போனேன். வாசலுக்கு உள்ளே நாய்க்காகக் கோணி நான்காக மடித்துப் போட்டுத் தயாராக இருந்தது. வீட்டுக்காரப் பாட்டியம்மா ஆட்சேபிப்பார் என்று நம்பி அவரிடமும் போய்க் கேட்டேன். அவர் தெலுங்கில், “ஏம் பர்வாலேது, உண்டனி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அர்த்தம். எனக்கு முகம் விழுந்துவிட்டது. வாசல் படியை அளந்தேன். இடுப்பு சரியில்லாத நாய்க்குப் படி இரண்டு இஞ்ச் உயரம் அதிகம் என்று கண்டுபிடித்து, அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா, “சார், இவ தண்ணி ரொம்பக் குடிக்கறாளே, பாத்தீங்களா?” என்றார்.

“வெயிலுக்கு எல்லாம்தான் குடிக்குது” என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அவர் வாயை மூடுவதற்காகத்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிட்னி இரண்டும் போய்க்கொண்டிருக்கிறது என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். ரொம்ப நாள் தாங்காது, பக்கத்தில் இருந்து யாராவது கையால் ஊட்டினால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்றார். வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர் கண்ணில் பட்டது, தினமும் தண்ணீர்த் தொட்டி நிரப்பும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் கண்ணில் படவில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தோடு திருந்தியிருக்க வேண்டும். நான் திருந்தவில்லை. சாகப்போகிற நாயை எப்படிக் கொடுப்பது என்று புதிதாக ஒரு காரணம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, “இனிமே வேண்டாம்மா. உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு என்னா கஷ்டம் சார்? இங்க இத்தன பேருக்கு நடுவுல இவ செத்துக் கெடந்தா, காலைல சோறு வெக்கறப்பதான உங்களுக்குத் தெரியும்?” என்றார். சண்டையாகச் சொல்லவில்லை. டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நானும் மனைவியும் அண்டாவில் அரிசியும் கோழிக்காலும் வேகவைத்துக்கொண்டிருந்தோம். நான் துடுப்பால் கிளறிக்கொண்டே, அந்த அம்மா எப்படி வாய் கூசாமல் பேசிவிட்டார் என்று புலம்பினேன். மனைவி எழுந்து போய், ஒரு புதுப் படிவமும் என் சிவப்புப் பேனாவும் எடுத்து வந்தாள்.

“ஏங்க, நாயி எங்க படுக்கும்?”

“என்ன விளையாட்டு இது?”

“சொல்லுங்க.”

“ஷெட்லதான். சிமெண்ட் தரையில.”

“கூட எத்தன பேரு?”

“பதினொண்ணு.”

“ஒரு நாளைக்கு அந்த நாயோட மட்டும் எவ்ளோ நேரம் இருப்பீங்க?”

சோறு வைக்கும் நேரத்தை நாற்பத்து மூன்றால் வகுத்துப் பார்த்தேன். துடுப்பை இன்னும் வேகமாகச் சுழற்றினேன். மனைவி விடவில்லை. “கடைசியா எப்ப அவளத் தடவிக் குடுத்தீங்க?”

“அது படிவத்துலயே இல்ல!” என்று கத்தினேன்.

“ஆமா, அது இல்ல” என்றாள். பெரிதாக ‘ரிஜெக்ட்’ என்று எழுதி என் சட்டைப் பையில் செருகிவிட்டு, அடிப்பிடிக்கப் போகிறது, கிளறுங்கள் என்றாள்.

அன்று சாயங்காலமே ஜூஜுவாடிக்காரியை ஆட்டோவில் ஏற்றி மத்திகிரிக்குக் கொண்டுபோனேன். வாசல் படிக்கு முன்னால் ஒரு செங்கல் போட்டு, சிமெண்ட் பூசி, சரிவாக்கி வைத்திருந்தார் அந்த அம்மா. நான் குறை சொன்ன வாரமே செய்தாராம். என்னிடம் சொல்லவே இல்லை. நாய் அதில் ஏறிப் போய்க் கோணியை முகர்ந்து, ஒரு சுற்று சுற்றிப் படுத்துக்கொண்டது. நான் மருந்துச் சீட்டை மூன்று முறை விளக்கினேன். அவருக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

அவள் அங்கே நான்கு மாதம் இருந்தாள். டாக்டர் சொன்னதைவிட அதிகம். கடைசி இரண்டு நாள் அந்த அம்மா லீவு போட்டு, மடியிலேயே வைத்திருந்தார். அவள் போய்விட்டாள் என்று அவரே போனில் எனக்குச் சொன்னார்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தச் சாவு அல்ல, கொடுத்த பத்தாம் நாள். பழக்கம் போகுமா? ‘தொடர் ஆய்வு’ என்று ஒரு தாளை ஃபைலில் வைத்துக்கொண்டு மத்திகிரிக்குப் போனேன். சந்தில் நுழைந்து அந்த வாசலை நெருங்கியதும் உள்ளேயிருந்து ஒரு நாய் குரைத்தது. தொண்டை கட்டிய, கரகரத்த, பெரிய குரைப்பு. இரண்டாவதாக ஒரு நாய் வளர்க்கிறாரா, சொல்லவே இல்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. பார்த்தால் ஜூஜுவாடிக்காரி. ஆடும் இடுப்போடு கோணியின் மேல் எழுந்து நின்று, முடியெல்லாம் சிலிர்க்க, என்னைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், கத்தாத! சாருடீ! உனக்குச் சோறு போட்ட சாரு!” என்று அந்த அம்மா ஓடி வந்தார். அவள் கேட்கவில்லை. நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, படிக்கு வெளியே, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன். என்னிடம் இருந்த இரண்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. சாதுவான நாய் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.