தானாக எரிந்த விளக்கு

காலையில் எழுந்ததும் குன்வோர் முதலில் சமையலறை ஜன்னல் விளக்கைப் போடுவாள். கம்பளிச் செருப்பைத் தேடுவதுகூட அதற்குப் பிறகுதான். விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் ஓரமாக நின்று ஏரியின் மறுகரையைப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் அங்கே இருட்டுக்குள் மஞ்சளாக ஒரு புள்ளி தோன்றும். அது ஸ்தூரேயின் சமையலறை விளக்கு. அதைப் பார்த்த பிறகு காபிக்குத் தண்ணீர் பிடிப்பாள்.

இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை இது. ஸ்தூரே அவளுடைய அக்கா மாயின் கணவன். மாய் இருந்தவரை மறுகரை விளக்கு மாயுடையது. அது எரிந்தால் காபி தயார் என்று அர்த்தம். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் நடந்தும், கோடையில் துடுப்புப் போட்டும் குன்வோர் போய்விடுவாள். மாய் இறந்த பிறகு அந்த ஜன்னல் பல வாரங்கள் இருண்டு கிடந்தது. குன்வோர் தன் விளக்கைப் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் போட்டதும் அங்கேயும் எரிந்தது. மறுநாளும் எரிந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. சண்டை எதுவும் கிடையாது. முன்பு பேசியதெல்லாம் மாய் வழியாகத்தான் என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. கடையில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார்கள். ஸ்தூரே சில சமயம் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பான். எங்கள் வடக்குப் பக்கத்தில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். எதற்கு ஆமாம் என்று குன்வோர் கேட்டதில்லை.

ஓய்வு பெறும்வரை அவள் தபால்காரி. சாலையோரப் பெட்டிகளுக்குக் கை எட்டுவதற்காகவே வலப்பக்கம் ஸ்டீரிங் வைத்த மஞ்சள் கார், ஏரியைச் சுற்றிய சாலை, வரிசையாக நிற்கும் தபால் பெட்டிகள். திருப்பத்து வீட்டுப் பெட்டியில் ஒருமுறை செய்தித்தாள்கள் எடுக்கப்படாமல் அடைத்துக்கொண்டிருந்தன. கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போய், இறந்து கிடந்தவரை முதலில் பார்த்தவள் அவள்தான். அதன் பிறகு எங்காவது பெட்டி காலியாகாமல் இருந்தால் காரை நிறுத்திவிட்டு இறங்கிக் கதவைத் தட்டுவாள். அது அவள் வேலையில் சேர்ந்ததில்லை. கதவு திறந்தால், "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள்.

இப்போது தபால் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறது. செய்தித்தாளைப் போனில் படிக்கிறார்கள். போன இலையுதிர்காலத்தில் கண் மங்கியதால் குன்வோர் காரை விற்றுவிட்டாள். முட்டியும் சரியில்லை.

உல்ரிகா ஸ்டாக்ஹோமிலிருந்து கூப்பிட்டாள். மாயின் ஒரே மகள்.

"சித்தி, நீ காலைல எந்திரிச்சியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லு."

"எந்திரிக்கலைன்னா போனை எடுக்க மாட்டேன். தெரிஞ்சிடும்."

"இதான் உன்கிட்ட. எதைச் சொன்னாலும் ஒரு குதர்க்கம்."

"சரி, என்ன பண்ணணும்?"

"வீட்டுக்கு ஸ்மார்ட் சாமான் கொஞ்சம் வாங்கு. வாசலுக்கு ஒரு கேமரா, கதவுக்கு ஒரு சென்சார், பேசறதுக்கு ஸ்பீக்கர். நீ எந்திரிச்சு நடமாடினா எனக்கு இங்க போன்ல காட்டும். கஷ்டமா இருந்தா விடு. டவுன்ல வயசானவங்களுக்கு ஃபிளாட் கட்டியிருக்காங்களே, அதுல பேர் கொடுத்துடலாம். அப்பாவுக்கும் சேர்த்து."

அந்த ஃபிளாட்டுகளை குன்வோர் பார்த்திருக்கிறாள். ஜன்னல்களெல்லாம் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருக்கும்.

"வாங்கறேன்," என்றாள்.

பஸ் பிடித்து டவுனுக்குப் போனாள். மின்சாமான் கடை ஆர்னேயுடையது. ஐம்பதைத் தாண்டியவன், அவனுடைய அப்பாவுக்கும் அவள் தபால் கொடுத்திருக்கிறாள். ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பெட்டிகள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"உல்ரிகா சொன்னதெல்லாம் எடுத்துத் தரட்டுமா?" என்றான் ஆர்னே.

"நீ என்ன சொல்றே?"

"நான் வியாபாரி. எல்லாம் வாங்குன்னுதான் சொல்லணும்." கல்லாவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான். "ஆனா ஒண்ணே ஒண்ணு வாங்கு. மொதல்லயே மூட்டையா வாங்கிட்டுப் போறவங்கதான் ஜனவரில பெட்டியோட திரும்பி வந்து நிக்கறாங்க. வேற வேற கம்பெனியா வாங்கிடாதே, ஒவ்வொண்ணும் தனக்குத் தனி ஆப் கேக்கும். அப்புறம் நெட் போனாலும் கையால போட முடியுதான்னு பாரு. அது முடியாத சாமானை நம்ம பக்கத்துல வாங்கவே கூடாது."

"கேமரா?"

"யாரு வராங்கன்னு பாக்கலாம்."

"யாரும் வரமாட்டாங்க."

"அப்ப உல்ரிகா உன்னைப் பாக்கலாம்."

"என்னை நானே கண்ணாடில பாக்கறதில்லை. அவ எதுக்குப் பாக்கணும்?"

ஆர்னே சிரித்தான். அலமாரியிலிருந்து உருண்டையான ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து வைத்து அதனிடம் விளக்கைப் பற்றி ஏதோ சொன்னான். கடை விளக்கைப் போடட்டுமா என்று அது பெண் குரலில் கேட்டது.

"சொல்லு, நீ சொல்லு," என்றான் ஆர்னே.

குன்வோர் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள்.

ஸ்பீக்கர் காத்திருந்தது. நீல வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி அணைந்தது.

"அதுக்கு நம்ம ஊர் ஆமாம் புரியாது," என்றான். "தெற்கத்திக்காரி."

"வேண்டாம். வெச்சிடு."

"சரி, சாமானை விடு. தினமும் உனக்கு எது தொந்தரவா இருக்கு, அதைச் சொல்லு. இங்க எல்லாரும் கார் இஞ்சின் ஹீட்டர்லதான் ஆரம்பிப்பாங்க. காலைல தானா சூடாயிருக்கும்."

"எனக்குக் கார் இல்லை."

"அட, ஆமா." அவன் கல்லாவில் இல்லாத தூசியைத் தட்டினான்.

குன்வோர் யோசித்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு நாளாகியிருந்தது.

"காலைல சில்லுனு இருக்கற தரைல கால வெச்சு நடந்து போய் விளக்குப் போடறது," என்றாள். "முட்டி பிடிச்சுக்குது."

"அப்ப அதுல ஆரம்பி."

ஒரு பிளக் வாங்கினாள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. பக்கவாட்டில் சின்னதாக ஒரு பட்டன். அவள் போனில் ஆப்பைப் போட்டு, நேரம் வைப்பது எப்படி என்று ஆர்னே காட்டிக்கொடுத்தான். வீட்டுக்கு வந்து அவளே ஜன்னல் விளக்கை அதில் மாட்டினாள். இரண்டு முறை தவறி மூன்றாவது முறை வைஃபையில் சேர்ந்துகொண்டது. உல்ரிகாவின் போனிலும் அது தெரியும்படி செய்தாள். உல்ரிகாவுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை படுக்கையில் கிடந்தபடியே பார்த்தாள். கதவின் கீழே வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. தனக்கு முன்பே யாரோ எழுந்து சமையலறையில் இருப்பது போலிருந்தது. இந்த வீட்டில் அவளுக்கு முன்பு யாரும் எழுந்ததில்லை. பாத்திரச் சத்தத்துக்காகக் காது கொடுத்தாள். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எழுந்திருக்க நேரமாயிற்று. அவள் சமையலறைக்கு வரும்போது மறுகரை விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். அது இருட்டிலிருந்து தோன்றும் கணத்தை இப்போது அவள் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்பதும் அவளுக்கு உறைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் போயிற்று. ஜனவரியில் ஒருநாள் மறுகரை இருட்டாக இருந்தது.

பல்பு போயிருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் இருட்டு. குன்வோருக்குத் திருப்பத்து வீட்டுத் தபால் பெட்டி ஞாபகம் வந்தது.

உல்ரிகாவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவள் பயந்து முதல் வேலையாக ஃபிளாட்டுக்குப் பேர் கொடுப்பாள், அவனுக்கும் இவளுக்கும். ஸ்தூரேயைக் கூப்பிட அவனுடைய எண் இல்லை. அந்த வீட்டுக்கென்று அவள் போனில் இருந்தது மாயின் எண்தான். அது இன்னும் இருந்தது. பேரைப் பார்த்துவிட்டுப் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

வெளிச்சம் வந்ததும் காலால் உந்தித் தள்ளும் சறுக்குவண்டியைக் கொட்டகையிலிருந்து இழுத்தாள். ஏரி நன்றாக உறைந்திருந்தது. மேலே மெல்லிய பனி. தொலைவில் எங்கோ ஆழத்தில் பனிக்கட்டி முறிவது போன்ற சத்தம் வந்தது. அது எப்போதும் வருவதுதான். வலியில்லாத காலால் உந்தினாள். இந்தப் பாதையில் ஆறு குளிர்காலமாக அவள் வரவில்லை.

நடு ஏரியில் நின்று மூச்சு வாங்கும்போது பார்த்தாள். ஸ்தூரே வீட்டுப் புகைபோக்கியிலிருந்து நேராகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். உயிரோடுதான் இருக்கிறான். இப்படியே திரும்பிவிடலாம். பிறகு கோபம் வந்தது. உயிரோடு இருந்துகொண்டு விளக்கைப் போடாமல் இருக்கிறான். மீதித் தூரத்தை வேகமாகக் கடந்தாள்.

தட்டுவதற்குள் ஸ்தூரே கதவைத் திறந்தான். அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏரி தாங்குதா?"

"தாங்காமத்தான் வந்தேனா?"

"ஷூவைக் கழட்டு. இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

சமையலறையில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. குன்வோர் நேராகப் போய் சுவிட்சைத் தட்டினாள். எரிந்தது.

"பல்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் போடலை?"

"யாருக்குப் போடணும்?" ஸ்தூரே இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தான். "உன் பிளக்குக்கா?"

குன்வோர் உட்கார்ந்தாள்.

"உல்ரிகா சொன்னா," என்றான். "சித்தி மாடர்ன் ஆயிட்டா, விளக்கு தானா எரியுதுன்னு. எனக்கு அதுக்கு முன்னயே சந்தேகம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு எரிஞ்சா? நீ அப்படியாப்பட்ட ஆளு கிடையாது. ஞாயித்துக்கிழமை உனக்கு லேட் ஆவும். பனி கொட்டப்போற அன்னிக்குக் காலைல இன்னும் லேட் ஆவும், முட்டியால. நான் ரேடியோல வானிலை கேக்கறதை நிறுத்தி எவ்வளவோ நாளாச்சு, உன் விளக்கைப் பாத்தாலே போதும். இந்த டிசம்பர்ல சொல்லாம கொள்ளாம பனி கொட்டுச்சு, விறகெல்லாம் நனைஞ்சு போச்சு."

"முட்டி வலிக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் சொன்னேனே."

காபியை ஊற்றினான். பாலாடைக்கட்டித் துண்டுகளை ஒரு தட்டில் அவள் பக்கம் தள்ளினான். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் இரண்டு துண்டுகளைக் காபியில் ஊறப் போட்டாள்.

"நீ அங்க செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு எரியும்," என்றான். "நான் இங்க உக்காந்து பிளக்குக்குப் பதில் சொல்லிட்டு இருப்பேன். வசந்தகாலம் வரைக்கும்."

"வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தானே போடாம இருந்தேன். வந்துட்டியே."

குன்வோர் கரண்டியால் பாலாடைக்கட்டியை எடுத்துத் தின்றாள். மாயின் நாற்காலி மேஜையோடு ஒட்டித் தள்ளப்பட்டிருந்தது. அதன் முதுகில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருக்க ஏரியைப் பார்த்தார்கள். அவளுடைய ஜன்னல் இங்கிருந்து எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளிச்சத்தில் அது இருக்கும் இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

காபி தீர்ந்தது. எழுந்து ஷூவைப் போட்டுக்கொண்டாள்.

"நாளைலேருந்து கையால போடறேன்," என்றாள் வாசலில்.

ஸ்தூரே மூச்சை உள்ளே இழுத்தான். அடிக்கடி வா என்று அவன் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தாள். இந்த நேரத்தை நீக்கவா என்று அது கேட்டது. மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து விரலால் அழுத்தினாள். பிளக்கை மட்டும் அகற்றவில்லை. பட்டனை அழுத்தி அதிலேயே விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், உல்ரிகாவுக்கும் தெரியும். எழுந்தால்தான் எரியும் என்பது இனி உல்ரிகாவின் போனுக்கும் பொருந்தும்.

மறுநாள் காலை முட்டி கடுத்தது. கதவின் கீழே கோடு இல்லை. சமையலறையில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சில்லென்ற தரையில் நடந்து போய்ப் பட்டனை அழுத்தினாள்.

மறுகரை இருட்டாக இருந்தது. கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. நேற்றுப் பார்த்ததில் அவனுக்கும் வயதாகிவிட்டிருந்தது. அவனும் இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொண்டு வர வேண்டும். செருப்பைத் தேடப் போகாமல் நின்றாள்.

மஞ்சள் புள்ளி தோன்றியது.

சற்று நேரத்தில் அந்தப் புள்ளியை மறைத்து ஏதோ அசைந்தது. ஸ்தூரே கொட்டகைப் பக்கம் போகிறான். விறகை மூடத்தான். குன்வோர் குழாயைத் திறந்து காபிக்குத் தண்ணீர் பிடித்தாள், ஒரு கோப்பை அளவுக்கு.