புளியமரத்துக்கு நேராக ஓர் உதை

சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கால்பந்து ஒன்று வந்தது. கூடுவாஞ்சேரியில் நான் விஞ்ஞானம் நடத்துகிறவன். விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போனதிலிருந்து விசிலும் என் கழுத்தில்தான் தொங்குகிறது. தலைமையாசிரியர் அறையில் பொட்டலத்தைப் பிரித்ததும் தோலும் ரப்பரும் கலந்து ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், நான் கையெழுத்தை அவர் போடவேண்டிய இடத்தில் போட்டுவிட்டேன். அந்த வாசனையை நான் முதன்முதலாக முகர்ந்தது செங்கற்பட்டு மைதானத்தில். அன்று கன்னியப்பன் புதுப் பந்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "மச்சான், இத்தப் போயா ஒதைக்கறது?" என்று கேட்டான்.

கன்னியப்பன் என் கூட்டாளி. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் போகும் கரையில் எங்கள் குப்பம். அங்கே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். அதன் பிறகு ஊரில் எழுத்துள்ள எந்தப் பொருளும் என் கண்ணில் படாமல் போக முடியாது என்று ஆயிற்று. மருந்து பாட்டில், கோணிப்பை, வேர்க்கடலை மடித்து வந்த காகிதம் எல்லாவற்றையும் நீட்டுவார்கள். நான் உரக்கப் படிப்பேன். கடலைக் காகிதத்தில் பாதிக் கதைதான் இருக்கும், மீதி எங்கே என்று என்னையே கோபித்துக்கொள்வார்கள். செங்கற்பட்டில் பி.யூ.சி. சேர்ந்ததும் என் பெயர் 'காலேஜு' என்று மாறிவிட்டது. அந்த பி.யூ.சி.யையே இப்போது எடுத்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

கன்னியப்பனுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. கடலில் அவனுக்குக் குமட்டும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன், கட்டுமரம் முதல் அலையைத் தாண்டியதும் குனிந்துவிடுவான். எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், ஒருமுறை கண்ணைக் கட்டிக்கூட ஏற்றினார்கள். கண் கட்டியிருந்ததால் தன் நைனா மேலேயே வாந்தி எடுத்தான். அவர் அதிகம் பேசாதவர், ஆனால் ஒன்று சொன்னால் ஊரே திருப்பிச் சொல்லும். "நாங்க மீன் புடிக்கப் போறோம். இவன் மீனுக்கு நாஸ்தா குடுக்க வர்றான்" என்றார்.

அந்த வருஷம் அவர் கெடு வைத்துவிட்டார். மாசிமகம் முடிந்ததும் கட்டுமரம் ஏற வேண்டும், இல்லையென்றால் கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் போக வேண்டும். உப்பளத்தில் அவன் மாமன் இருந்தார். வேலை செய்து செய்து அவர் பாதமெல்லாம் வெடித்துக் கிடக்கும். கன்னியப்பன் தன் பாதத்தைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். ஊரிலேயே நல்ல பாதம் அவனுடையது.

எங்கள் ஆட்டத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே நடந்தது விளங்கும். எங்கள் கரையில் ஒரே ஒரு கோல்தான் உண்டு, தெற்குக் கோடியில். வடக்குக் கோடியில் கட்டுமரங்களைக் கரையேற்றி வைத்திருப்பார்கள், வலை காயும். அங்கே பந்து போனால் பந்தும் நாமும் திரும்பி வரமாட்டோம். அதனால் இரண்டு கட்சியும் முறைவைத்துத் தெற்கே பார்த்துத்தான் உதைக்கும். இடது கைப்பக்கம் கடல். சாயங்காலமானால் அங்கிருந்து காற்று வந்து பந்தை வலப்பக்கம், ஊர்ப் பக்கமாகத் தள்ளும். இதைச் சரிக்கட்டப் பந்தைக் கடலைப் பார்த்து உதைத்தால் நேரே அலையில் போய் விழும். ஆகவே எல்லாரும் நேராகவே குறிவைத்து, உள்பாதத்தால் பந்தின் வலப்பக்கத்தை இழைத்து அனுப்புவார்கள். பந்து சுழன்றுகொண்டு கடல் பக்கம் போகப் பார்க்கும், காற்று ஊர்ப் பக்கம் தள்ளும், இரண்டு பேர் சண்டையில் பந்து நேராகப் போகும். 'காத்துக்குக் குடுக்கறது' என்று அதற்குப் பெயர். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகும்போதே கால் அதையும் பழகிவிடும்.

ஃப்ரீ கிக் என்று வந்தால் மட்டும் கன்னியப்பன் காற்றுக்குக் கொடுக்கமாட்டான். நடுப் பந்தில் முழுசாக ஒரு உதை. எதிரே சுவர்போல் நிற்கிறவர்களின் இடப்பக்கமாகப் போய், காற்று தள்ள வலப்பக்கம் வளைந்து, கோலுக்குள் விழும். கல்பாக்கம்வரை அதற்குப் பெயர் இருந்தது.

எனக்கோ புதுப் படிப்பு. சுழலும் பந்து ஒரு பக்கத்துக் காற்றைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும், மறு பக்கத்துக் காற்றை எதிர்க்கும், அதனால் வளையும் என்று கல்லூரியில் நடத்தியிருந்தார்கள். நான் ஈரமணலில் படம் போட்டு, கன்னியப்பனின் ஃப்ரீ கிக் வளைவதற்கு இதுதான் காரணம் என்று விளக்கினேன். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் சுத்த வுடவே இல்லியேடா" என்றான். "உனக்குத் தெரியாமல் சுற்றுகிறது" என்றேன். படித்தவன் சொன்னால் கேட்டுக்கொள்கிற காலம் அது.

செங்கற்பட்டு டவுன் குழுவின் கேப்டன் சுந்தர் என் வகுப்பு. பட்டணத்துக் கம்பெனி ஒன்றின் குழுவுக்கு ஆள் பார்க்க ஒருவர் வருகிறார், பொறுக்கினால் வேலை நிச்சயம் என்று அவன்தான் சொன்னான். கெஞ்சிக் கூத்தாடி எங்கள் குப்பத்தோடு ஒரு ஆட்டம் வைக்கச் செய்தேன். மாசிமகத்துக்கு முந்தின ஞாயிறு. கன்னியப்பனின் நைனாவும் பஸ் ஏறி வந்தார். "பையன் காலு எத்தினி தூரம் போவுதுன்னு பாக்கறேன்" என்றார்.

காலை ஆட்டம். மலை மறைத்த மைதானம். ஓரத்துப் புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கம்பெனிக்காரர் கட்டைச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கியதும் எங்கள் பதினொரு பேருக்கும் ஒரே வியாதி வந்தது. யார் யாருக்குப் பந்து கொடுத்தாலும் அது அழகாக வளைந்து இடது கோட்டைத் தாண்டிப் போயிற்று. முதலில் ஒருவரையொருவர் திட்டினோம். பிறகு பந்தைத் திட்டினோம். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால் சரியாகிவிடும் என்று எங்கள் கோல் கீப்பர் நம்பினான். டவுன்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "இன்னா அண்ணாத்த, கடலைத் தேடறீங்களா? அது சதுரங்கப்பட்டினத்துல கீது" என்று ஒருவன் கத்தினான். வரிசையாக இரண்டு கோல் வாங்கினோம்.

அப்புறம் எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. சுந்தர் தன் ஆட்களைச் சுவராக நிறுத்தி, இடது ஓரத்தில் தானும் நின்றான். கன்னியப்பன் ஊரே அறிந்த அந்த முழு உதையைக் கொடுத்தான். பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் சுந்தரின் வயிற்றில் இறங்கியது. சுந்தர் ஏதோ யோசனை வந்தவன்போல மெல்ல உட்கார்ந்தான். கம்பெனிக்காரர் அடுத்த கடலையை எடுத்தார்.

இடைவேளையில் கன்னியப்பன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான். "பேஜாரா பூட்ச்சு மச்சான். நாளிக்கே உப்பளத்துக்குப் போறேன்."

நான் தரையில் குந்தி மூளையைக் கசக்கினேன். வளைய வேண்டியது நேராகப் போகிறது, நேராகப் போக வேண்டியது வளைகிறது. மரத்தைப் பார்த்தேன், ஆடாமல் நின்றது. அப்போதுதான் உறைத்தது. மணலில் நான் போட்ட படம் சரி. உதையைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டேன்.

"கன்னீ, அடுத்த பிரீகிக்கை நேரா அடிக்கணும்னு நெனச்சு அடி."

"நேராத்தானடா அடிச்சேன். சுந்தர் வவுத்தப் போய்க் கேளு."

"அது நேரா இல்ல. கடக்கரைல எனக்குப் பந்து குடுப்ப இல்ல, காத்துக்குக் குடுத்து, அந்த மாரி."

"காத்து எங்கடா கீது இங்க?"

"இல்ல. அதான் வளையும்."

அவன் என்னையே பார்த்தான். "காலேஜு, உனக்கு வெயில் ஏறிப்போச்சு" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் நைனா பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "எங்க பாத்து அடிக்கணும், அத்தச் சொல்லு."

கோலின் வலக்கம்பத்துக்கு அப்பால் நின்ற புளியமரத்தைக் காட்டினேன்.

"மரத்துக்கா கோலு?" என்றான் கன்னியப்பன்.

இரண்டாம் பாதியில் இன்னொரு கோல் வாங்கினோம். ஆட்டம் முடியப்போகும் நேரம், வலப்பக்கமாக ஒரு ஃப்ரீ கிக். சுந்தர் இம்முறை தன்னைச் சுவரின் மறு ஓரத்துக்கு மாற்றிக்கொண்டான். கன்னியப்பன் பந்தை வைத்தான், புளியமரத்தைப் பார்த்தான், உப்பளத்தைப் பார்ப்பவன் மாதிரி ஒரு முகம். பிறகு கரையில் எனக்குப் பந்து தருகிறவன்போல வெறுமனே இழைத்து விட்டான்.

பந்து மரத்துக்குத்தான் போயிற்று. கோல் கீப்பர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். பாதி வழியில் பந்துக்குக் கடல் ஞாபகம் வந்துவிட்டது. சுவரைச் சுற்றி இடப்பக்கம் திரும்பிக் கம்பத்துக்கு உள்ளே நுழைந்து வலையில் விழுந்தது. கன்னியப்பன், நடுவர் ஏதாவது சொல்வாரோ என்று பயந்து அவரைப் பார்த்தான்.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். கம்பெனிக்காரர் கடலைத் தோல்களை உதறிவிட்டு வந்தார். "யார் சொல்லிக் கொடுத்தது இது?"

"நேரா அடிச்சேன் சார்" என்றான் கன்னியப்பன், திருடிவிட்டவன்போல.

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுவாரமே கம்பெனிக்கு வரச் சொன்னார். பகலில் சரக்குப் பிரிவு, சாயங்காலம் ஆட்டம். திரும்பும் பஸ்ஸில் அவன் நைனா ஜன்னலோரம் உட்கார்ந்து திருக்கழுக்குன்றம்வரை பீடி பிடித்துக்கொண்டு வந்தார். அப்புறம், "தரையில பொழைக்கட்டும், வுடு" என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

கம்பெனியில் முதல் ஆறு மாதம் அவன் கொடுத்த பந்தெல்லாம் இடப்பக்கம் போயிற்றாம். பயிற்சியாளர் பொறுமைசாலி. அவன் கணுக்காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, ஒருவழியாக நேராக்கிவிட்டார்.

எங்கள் கரையில் அந்த ஒற்றைக் கோல் இப்போது இல்லை. அந்த இடத்தில் இயந்திரப் படகுக்குக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பையன்கள் தென்னை மட்டையைச் செதுக்கிக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். போன பொங்கலுக்குக் கன்னியப்பன் லீவில் வந்திருந்தான். கால்சராய், கைக்கடிகாரம், கொஞ்சம் தொப்பை. எங்கிருந்தோ ஒரு பழைய பந்தைத் தேடிப்பிடித்துக் கரைக்குப் போனோம். நான் தெற்கே போய் நின்றேன். உதைத்தான். காற்று பந்தை அள்ளிக்கொண்டு போய் யார் வீட்டுக் கருவாட்டிலோ போட்டது. ஒரு கிழவி ஏசினாள். மறுபடி உதைத்தான், மறுபடியும் கருவாடு. கால்சராயைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வெளிச்சம் இருக்கிறவரை உதைத்தான்.

நான் விஞ்ஞான ஆசிரியன் இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. அருகில் போய்ப் பந்தின் வலப்பக்கத்தை விரலால் தொட்டு, இங்கே பட வேண்டும், இப்படிச் சுழல வேண்டும் என்று காட்டினேன்.

"தெரியும்டா" என்றான். "அங்க எல்லாம் சொல்லிக் குடுத்துட்டாங்க. தெரிஞ்சுகினுதான் அடிக்கறேன். அதான் வர்ல."