மகள் பேசினால் ஏறும் பிரஷர்

தினமும் மாலை ஏழு மணிக்குப் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். மகள் போனில் பேசிய நாட்களில் எல்லாம் கூடியிருந்தது.

போன மாதம் அவளிடம், "கொஞ்ச நாளைக்குக் கூப்பிட வேண்டாங் கண்ணு" என்றேன். "சரிங்கப்பா" என்றவள் அப்புறம் கூப்பிடவே இல்லை. பிரஷர் குறைந்தது.

இன்று பல்லடம் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் நோட்டைக் காட்டி, மகள் போனில் பேசினால் பிரஷர் ஏறுவதைச் சொன்னேன்.

"ஏனுங்க ஐயா, எங்க நின்னு பேசுவீங்க?"

"கீழ சிக்னல் இல்லீங்க. மொட்டை மாடிலதான்."

"படியேறி எறங்குன கையோட பாத்தீங்களாக்கும்? பாவம், அம்மணி என்னங்க பண்ணும்?"

சேர்ந்து வருவதெல்லாம் காரணமாகாது என்று கல்லூரியில் புள்ளியியல் படித்தவன் நான். இருந்தும் குழப்பம் தீரவில்லை. அவளிடம் பேசும்போது பதறுவதும் உண்மைதான்.

மன்னிப்புக் கேட்க இப்போது மாடிக்கு வந்திருக்கிறேன். நெஞ்சு படபடக்கிறது. படியாலா, மகளாலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.