ஒன்பது தட்டு கல்கல்

என் மனைவிக்கு வயிற்றில் இருப்பது சாதாரணக் கட்டி இல்லை என்று டாக்டர் சொன்ன வாரமே அவள் எனக்கு ஒரு உத்தரவு போட்டாள். கிறிஸ்துமஸ் முடிகிற வரைக்கும் தெருவில் ஒருவருக்கும் விஷயம் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா என்ன ஆயிடும்?" என்று கேட்டேன்.

"ஜெபம் பண்ண வந்துடுவாங்க. கட்டிலச் சுத்தி நின்னு என்னைப் பாவமா பாப்பாங்க. அதெல்லாம் ஜனவரியில வச்சுக்கலாம். இந்தக் கிறிஸ்துமஸ் மட்டும் நான் எப்பவும் போல இருந்துட்டுப் போறேன்."

எப்பவும் போல என்றால் கல்கல். பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒன்பது வீட்டுக்கு, முப்பது வருடமாக, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டிலிருந்து தட்டு போகும். அச்சு முறுக்கும் கேக்கும் எல்லா வீட்டிலும்தான் உண்டு. கல்கல் மட்டும் என் மனைவி கைக்குத்தான் என்று தெருவே ஒத்துக்கொண்ட விஷயம். மைதாவைத் தேங்காய்ப்பாலும் முட்டையும் நெய்யும் விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, சீப்பின் மேல் வைத்து அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சோழி மாதிரி வரும். பொரித்தெடுத்துச் சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

அந்தத் தட்டு போகாவிட்டால் ஒன்பது வீட்டுக்காரர்களும் மறுநாளே வாசலில் நிற்பார்கள். அவளாலோ அடுப்பு முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

நான் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன். இரும்பை ஒரு நூல் பிசகாமல் கடைந்து வாங்குவேன். சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனதைத் தவிர வேறு அனுபவம் கிடையாது. போதாததற்கு எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என்னிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இதை இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

டிசம்பர் முதல் வாரம் ஆரம்பித்தோம். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். மருந்தில் முடி கொட்டிப்போயிருந்தது. பெங்களூர்க் குளிருக்கு ஆளாளுக்குக் கம்பளித் தொப்பி போடுகிற மாதம் என்பதால் அவள் தொப்பியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் நாள் மாவு கல்லாகிவிட்டது. கடித்தால் பல் போய்விடும். இரண்டாம் நாள் எண்ணெய் காயாமல் போட்டேன், அது எண்ணெயைக் குடித்துவிட்டுக் கொழகொழவென்று கிடந்தது. மூன்றாம் நாள் சீப்பில் ஒட்டிக்கொண்டு வரவேயில்லை. சீப்பைத் தூக்கித் தொட்டியில் எறிந்தேன்.

"சீப்பு என்ன பண்ணுச்சு பாவம்? எடுங்க, கழுவுங்க" என்றாள் அவள். சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸ் பலகாரத்தின் முதல் பிடியைக் கிறிஸ்துமஸ் காலையில் குடிலுக்கு முன்னால் வைத்து ஜெபம் சொல்கிற வரைக்கும் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. செய்கிறவர் மட்டும் ருசி பார்க்கலாம். இது என் அம்மா காலத்து வழக்கம், நான் ஒரு தடவையும் மீறியதில்லை. இந்த வருடம் அடுப்பு முன்னால் நின்றது நான். ஆனாலும் பலகாரம் அவளுடையது, என்னுடையது வெறும் கை என்றுதான் என் மனதில் இருந்தது. அதனால் ஒவ்வொரு ஈடும் பொரித்ததும் ஒன்றை எடுத்து ஊதி ஆறவைத்து அவளிடம் கொடுப்பேன். நான் தொடவில்லை.

"இனிப்பு பத்தல" என்றாள்.

பாகில் இன்னும் சர்க்கரை போட்டேன்.

"இன்னும் பத்தலங்க."

இன்னும் போட்டேன். பாகு இறுகி, கல்கல் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அவள் மறுபடியும் ஒன்றை எடுத்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள்.

"ஒண்ணுமே தெரியலையே" என்றாள்.

நான் கரண்டியைத் தரையில் போட்டேன். "மூணு கிலோ சர்க்கரை போட்டாச்சு. உன் வாய்க்கு இன்னும் என்னதான் வேணும்? நாலு மணி நேரமா நிக்கிறேன், கால் வீங்கிப்போச்சு. வேணும்னே கொற சொல்றியா?" என்று கத்தினேன். மூன்று கிலோ என்பது கோபத்தில் சொன்ன கணக்கு. மற்றதெல்லாம் அப்படியே நான் சொன்னதுதான்.

அவள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சும்மா கத்தாதீங்க, மேல் வீட்டுக்குக் கேக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றை எடுத்துக் கடித்து, "இப்போ நல்லா இருக்கு. மொறுமொறுன்னு இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் குறையே சொல்லவில்லை. நான் கொடுப்பதை வாங்கிக் கடிப்பாள், தலையாட்டுவாள், மொறுமொறுன்னு இருக்கு என்பாள். நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். கத்தினால்தான் வேலை நடக்கும் என்று ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருடம் நம்பியவன்தானே.

இருபத்துநாலாம் தேதி காலையில் ஒன்பது வீட்டுக்கான மாவைப் பிசைந்தேன். சமையல் சோடா ஒரு சிட்டிகை என்று அவள் சொல்லியிருந்தாள். மாவு இறுக்கமாக இருப்பது போலத் தோன்றியது. ஒரு சிட்டிகைக்கே மாவு இளகும் என்றால் ஒரு ஸ்பூன் போட்டால் இன்னும் இளகும் என்று என் புத்திக்குப் பட்டது. அவள் உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். ஒன்றுக்கு இரண்டு ஸ்பூனாகப் போட்டேன். மாவு வெண்ணெய் மாதிரி வந்தது. எண்ணெயில் போட்டதும் சீக்கிரமே நன்றாகச் சிவந்தது. எனக்கு ஒரே பெருமை. எழுந்து வந்தவளிடம் ஒன்றைக் கொடுத்தேன். கடித்தாள். மொறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

"கொஞ்சம் செவந்துடுச்சு. பர்வால்ல, நல்லா வந்திருக்கு" என்றாள்.

ஒன்பது தட்டிலும் அவள்தான் அடுக்கினாள், உட்கார்ந்துகொண்டே. மேலே லேஸ் துணி மூடி, நான் எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா வரலையா என்று கேட்டவர்களிடம் சளி என்றேன்.

மறுநாள் காலைப் பூசைக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தேன். ஒரு கிண்ணத்தில் கல்கல்லைக் குடிலுக்கு முன்னால் வைத்து இரண்டு பேரும் ஜெபம் சொன்னோம். அதன்பிறகு நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

துணி துவைக்கிற சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. நாக்கெல்லாம் கசப்பு. துப்பப் போனவன் அவளைப் பார்த்தேன். அவள் இரண்டாவதைத் தின்றுகொண்டிருந்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மருந்தில் அவளுக்கு நாக்கில் ருசி போய் எத்தனையோ நாளாகிவிட்டது. ஒண்ணுமே தெரியலையே என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாளே, அது பலகாரத்தைப் பற்றிய குறை இல்லை. நான்தான் கத்தி அவள் வாயை அடைத்துவிட்டேன். அதற்கப்புறம் காதால் கேட்டு, பல்லால் பார்த்து எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்று விழுங்கினேன்.

அவளைப் படுக்கவைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருப்பது நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா, எங்கள் கோவில்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, அக்காவுக்கு என்ன ஆச்சு? மறைக்காதீங்க. ஒண்ணு வாயில வச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இது அவங்க கை இல்ல. அவங்க நல்லா இருந்தா இப்படி ஒரு தட்டு வீட்ட விட்டு வெளிய வந்திருக்காது."

அழுதுவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, அவளுக்கு மட்டும் எதுவும் தெரிய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மற்ற எட்டு வீட்டிலும் இதே பேச்சுதான் காலையிலிருந்து என்றார் அவர். மேல் வீட்டுக்காரம்மா காலையிலேயே வந்து, அக்கா கை இல்லையே இது என்று கேட்டுவிட்டுப் போனாராம். "நான் பாத்துக்கறேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

சாயங்காலம் ஒவ்வொருவராகத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். ஜெபம் பண்ண யாரும் நிற்கவில்லை. பாவமாக யாரும் பார்க்கவில்லை. மேல் வீட்டுக் கன்னடக்காரம்மா, "அக்கா, போன வர்ஷ மாதிரியே ஃபர்ஸ்ட் கிளாஸ். ஒந்து கூட மிச்சம் இல்ல, எல்லாம் காலி" என்றார். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். அதே ருசி, அதே கை. என் மனைவி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் சிரித்து, எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னாள். அவள் கேட்டபடியே ஒரு கிறிஸ்துமஸ் கிடைத்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அன்று அவள் சாப்பிடாமல் படுத்ததை அசதி என்று நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம். வெயில் வருகிற ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட்டு, அவள் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"முப்பது வருஷம் செஞ்சேன்ல?"

"எதை?"

"கல்கல்லத்தான். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். உங்கள மாதிரி வேலைக்கா போனேன்? நீங்க ஒரு மாசம் கத்துக்கிட்டுச் செஞ்சீங்க. ஒம்பது வீட்டுல ஒருத்தருக்குக்கூட வித்தியாசம் தெரியல. அதே ருசி, அதே கைன்னு என் மொகத்தப் பாத்தே சொல்றாங்க. தெரியக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். ஆனா ஒருத்தருக்காவது தெரியும்னு நெனச்சேங்க."

கசந்தது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வைக்க முடியவில்லை, ஒன்பது வீட்டுக்காரர்களுக்கும் முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது, உன் கை இல்லை என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கிறிஸ்துமஸ் அன்றைக்கே தெருவுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். எல்லோரும் அன்றைக்கு நடித்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். அது அவளைக் கொன்றுவிடும் என்று நினைத்தேன். மனதில் பட்டதையெல்லாம் பட்டென்று கொட்டியே பழகியவன், அந்த ஒரு மத்தியானம் பொறுமையாக இருந்தேன்.

"சும்மா எதையாவது நெனச்சுக்காத, தூங்கு" என்றேன்.

சரி என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டாள். தான் இல்லாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேதான் போனாள்.