பெட்டிக்குள் போன கண்ணாடி

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் நடந்தது இது. திருச்சியில் இருக்கும் என் தங்கைக்கு மறுநாள் காலையில் இருதய ஆபரேஷன். "நீ வந்து பக்கத்துல நின்னாத்தான் நான் கட்டில்ல ஏறுவேன்" என்று போனில் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். விடுமுறைக் காலம், ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. மகன் எங்கெங்கோ தேடி ஒரே ஒரு டிக்கெட் பிடித்தான். இதை விட்டால் புது வருஷம் வரைக்கும் இடம் கிடையாது என்று சொல்லித்தான் கையில் கொடுத்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேக்கா சந்தையில் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து காய்கறிக் கடை நடத்தியவள் நான். மலாயில் பேரம் பேசுவேன். சீனக் கிழவிகளிடம் அவர்கள் பாஷையிலேயே நாலு வார்த்தை சண்டை போடுவேன். கணக்கெல்லாம் மனசிலேயே ஓடும். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பிழையோடு எழுதவும் செய்வேன். இங்கிலீஷ் மட்டும் வராது. ஆனால் அதை வெளியில் காட்டிக்கொண்டதில்லை. ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ யாராவது ஒரு தாளை நீட்டினால், "கண்ணாடி எடுத்துட்டு வரல, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்பேன். யாரும் சந்தேகப்பட்டது கிடையாது.

ஊருக்குப் போகும் விமானங்களில் எங்கள் வயசுக்காரர்களுக்குப் பிள்ளைகள் சக்கர நாற்காலி கேட்டு வைப்பது வழக்கம். கால் நன்றாக இருந்தாலும் கேட்பார்கள். அதில் உட்கார வைத்துவிட்டால், தள்ளுகிறவர் நேரே விமானத்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார், வழி தவறாது. என் மகனும் என்னிடம் சொல்லாமல் கேட்டு வைத்திருந்தான்.

"அம்மா, இந்த சேர்ல உக்காந்திருங்க. வீல்சேர் வரும், அவங்க கூட்டிட்டுப் போவாங்க."

"என் காலுக்கு என்னடா கேடு? இன்னிக்கும் சுவா சூ காங்ல நம்ம வீட்டுல லிஃப்ட் நின்னு போனா நான் படியிலதான் ஏறுறேன்."

"காலுக்கு இல்லம்மா..." என்று இழுத்தான். மிச்சத்தை அவன் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. அதுதான் சுருக்கென்றது.

அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை அனுப்பி, போர்டிங் பாஸை என் கைப்பைக்குள் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் நாற்காலி வரவேயில்லை. வராதது எனக்கு நல்லதாகப் போயிற்று என்று எழுந்துவிட்டேன்.

எனக்கென்று ஒரு வழி உண்டு. பெட்டி போடுகிற வரிசையிலேயே, விவரம் தெரிந்தவர் மாதிரி இருக்கிற ஒருவரைப் பார்த்து வைத்துக்கொள்வேன். அவர் போகிற வழியில் நானும் போவேன். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு முஸ்லிம் அம்மா நின்றிருந்தார். தலையில் வெள்ளைத் துப்பட்டி, மூக்கில் தங்க பிரேம் போட்ட கண்ணாடி, கையில் நல்ல தோல் பை. ஓய்வு பெற்ற டீச்சர் மாதிரி இருந்தார். அவரை அனுப்ப வந்திருந்த மகள் கவுண்டரில் திருச்சி என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நான் எழுந்தபோது அவரும் உள்ளே கிளம்பிக்கொண்டிருந்தார், அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே போனால் திருவிழாக் கூட்டம். கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு கிறிஸ்துமஸ் மரம், அதைச் சுற்றிப் படம் எடுக்கிறவர்கள், சிவப்புத் தொப்பி போட்ட குழந்தைகள், பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள். அந்த அம்மா மரத்தடியில் நின்றார். நானும் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் சாக்லேட்டுக் கடையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கழிப்பறைக்குப் போனார், நான் வெளியில் காத்திருந்தேன். திரும்பி வந்தவர், வழியை விட்டு ஒதுங்கி, "நீங்க போங்கக்கா" என்றார். என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வருகிறாரா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். வந்தார்.

ரொம்ப தூரம் நடந்தோம். நடை கொஞ்சம் தளர்ந்து, நான் ஒரு நாற்காலி வரிசைப் பக்கம் நின்றேன். அவர் உட்கார்ந்தார். சரி, இடம் வந்துவிட்டது என்று நானும் உட்கார்ந்தேன். தங்கையை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கையில் கனத்த குளிர் கோட்டு வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கம்பளித் தொப்பி மாட்டியிருந்தன. திருச்சிக்கு எவராவது குளிர் கோட்டு எடுத்துக்கொண்டு போவார்களா? ஊருக்குக் கொண்டுபோகிற தைலப் பாட்டில் நிறைந்த பை ஒன்றுகூட அங்கே இல்லை.

"ஏம்மா, நம்ம திருச்சி ஃப்ளைட்டு இங்கதானே?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னக்கா என்னையக் கேக்குறீங்க? நீங்கதானே இங்க வந்து நின்னீங்க?"

"நீங்க உக்காந்தீங்க, நானும் உக்காந்தேன். நான் உங்க பின்னாலதானே வந்துக்கிட்டிருக்கேன்!"

"யா அல்லா! நான் உங்க பின்னால வந்துக்கிட்டிருக்கேன். கவுண்டர்ல நீங்க நிமிந்து நின்ன நிலையப் பாத்து, எல்லாம் தெரிஞ்சவங்கன்னுல்ல நெனச்சேன்!"

பிறகு அவர் தன் போர்டிங் பாஸை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுல போட்டிருக்கும், பாருங்கக்கா."

என் வாய் தானாகச் சொன்னது. "கண்ணாடியப் பெட்டிக்குள்ள வச்சு அனுப்பிட்டேம்மா. நீங்கதான் கண்ணாடி போட்டிருக்கீங்களே, நீங்க பாருங்க."

"இது தூரத்துக்குப் போடறது. படிக்கிற கண்ணாடிய வீட்டுலயே மறந்துட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பொய் எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். அவர் உதடு முதலில் துடித்தது, எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டோம். ஆனால் சிரித்த வாய் மூடுவதற்குள் பயம் வந்துவிட்டது. அந்தத் தாளில் எண்கள் இருந்தன, எண் எனக்குத் தெரியும். எது வாசல், எது நாற்காலி, எது நேரம் என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பக்கம் வந்த ஒருவரை நிறுத்தி, தாளைக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, இங்கிலீஷில் மடமடவென்று ஏதோ சொல்லி, கையை எங்கேயோ நீட்டினார். நானும் தலையாட்டி, "தேங்க்யூ, தேங்க்யூ" என்றேன். அவர் போய்விட்டார்.

"என்னக்கா சொன்னாரு?"

"அங்கிட்டுப் போகச் சொன்னாரு."

"எங்கிட்டு?"

"அதான் தெரியல."

"தெரியாமத்தான் அம்புட்டு தேங்க்யூ சொன்னீங்களா? என் தம்பி மகனுக்கு நாளைக்கு நிக்காஹ். நான் இங்கயே உக்காந்து துவா செய்ய வேண்டியதுதான்."

பச்சை உடுப்புப் போட்டுக் கட்டிலில் ஏறாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கைதான் கண்ணுக்குள் வந்தாள்.

அப்போதுதான் காலி சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு, நம் தமிழ்ப் பெண் ஒருத்தி வேகமாக வந்தாள். நாற்பது வயசு இருக்கும், பேச்சில் ‘லா’ போடுகிற சிங்கப்பூர்ப் பிள்ளை. குறுக்கே போய் நின்று என் பாஸை நீட்டினேன்.

"இது எங்க இருக்குன்னு சொல்லும்மா."

அவள் வாங்கிப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "இது உங்க பேரா? அம்மா! உங்களத்தான் எல்லா எடமும் தேடுறேன் லா! எங்க போனீங்க? கூட்டத்துல நான் வர லேட்டாயிருச்சு, வந்து பாத்தா சேர்ல ஆளக் காணோம். இது உங்க கேட் இல்ல. கேட் நம்பர் இதுலயே இருக்கே, பாக்கலையா?"

கண்ணாடி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதும்மா" என்றேன். பிறத்தியாரிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தாம்மா" என்றார் அந்த அம்மா, பின்னாலேயே.

அவள் அவருடைய பாஸையும் வாங்கிப் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஓகே லா, இதுக்கென்ன. மொதல்லயே கேட்டிருக்கலாம்ல? யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க, சீக்கிரம். எனக்கு ஒரு சேர்தான் இருக்கு."

அவ்வளவுதான். வானம் இடியவில்லை. நான்தான் இத்தனை காலமாக அதைத் தலைமேல் தாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு முட்டி வீங்கியிருந்தது. அவரை உட்கார வைத்து, இரண்டு பைகளையும் அவர் மடியில் போட்டோம். அந்தப் பெண் போனில், "ரெண்டு பாட்டிங்க வர்றாங்க, வெயிட் பண்ணுங்க" என்று இங்கிலீஷில் சொல்லியிருப்பாள் போல. கிறிஸ்துமஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் தள்ள, நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். நாற்காலியில் இருந்தபடியே அந்த அம்மா, "நகருங்க, நகருங்க" என்று தமிழிலேயே அதட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரர்கள்கூட நகர்ந்தார்கள்.

கதவு மூடவில்லை. கடைசியாக ஏறியது நாங்கள் இரண்டு பேரும்தான். உள்ளே கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கட்டிலில் ஏறினாள். இப்போது நன்றாக இருக்கிறாள், என்னிடம் சண்டை போடுகிற அளவுக்கு.

கேலாங்கில் இருக்கும் அந்த அம்மா மாதம் ஒரு தடவையாவது தேக்காவுக்கு வருவார். தேநீர் குடிப்போம், யார் பின்னால் யார் வந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தாளை நீட்டுகிறவர்களிடம் இப்போதெல்லாம், "இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, நீங்க சொல்லுங்க" என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். படிக்கிற கண்ணாடி என்று ஒன்று என்னிடம் இருந்ததே கிடையாது. இல்லாத அந்தக் கண்ணாடியை இத்தனை வருஷத்தில் எத்தனை இடத்தில் மறந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, இனி அதைத் தேட வேண்டாம் என்ற நிம்மதியும் கூடவே வருகிறது.