ஊதிட்டு ஏறு

"ஊதுலே."

வேன் படியில் ஒரு காலை வைத்த இளவட்டம் வாயை ஆவென்று திறந்து 'ஹா' என்றான். இருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கு ஒருமுறை விடைத்து அடங்கியது.

"பழைய சோறு, சின்ன வெங்காயம். ஏறு."

அடுத்தவன் ஊதினான். "ரசம். நேத்து வச்சது. ஒங்கம்மாவ அத இன்னைக்காச்சும் கீள ஊத்தச் சொல்லு. ஏறு."

அதற்கடுத்தவன் வாயில் ஏலக்காய் கமகமத்தது. "ஏலக்காய் இருக்கட்டும்லே. அதுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு காட்டு." அவன் காட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வீட்டைப் பார்க்க நடந்தான்.

ஏழாயிரம்பண்ணை போகிற ரோட்டில், கம்பெனி வேன் ஆள் ஏற்றுகிற இடத்தில், 2006ஆம் வருஷம் தினமும் காலையில் இதுதான் காட்சி. பட்டாசுக் கம்பெனி வாசலில் மடியைத் தடவித் தீப்பெட்டியையும் செல்போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுபோவதை யார் தடவுவது? அதற்காகப் பிறந்ததுதான் 'இளைஞர் போதைத் தடுப்புக் கூட்டமைப்பு'. பள்ளிக்கூட வாத்தியார், வேன்காரர்கள், மகளிர் குழு, வியாபாரிகள் எல்லாரும் அதில் உண்டு. காலண்டர் அச்சகம் நடத்திய சீனிவாசகம் தலைவர். டீக்கடை முத்துக்கருப்பன் பொருளாளர். ஊதிப் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்குவது, அது வரும்வரை இருளம்மாளை நிறுத்துவது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். மெஷின் வரவே இல்லை. ஊருக்குள் கூட்டமைப்பு என்று சொன்னால் யாருக்கும் புரியாது. 'ஊதுற சங்கம்' என்றால் வழி காட்டுவார்கள்.

இருளம்மாள் சரவெடி பின்னுகிறவள். வேலை இல்லாத நேரத்திலும் அவள் விரல்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துப் பின்னிக்கொண்டே இருக்கும். அவள் மூக்கின் கீர்த்தி சங்கத்துக்கு முந்தியது. பக்கத்துத் தெருவில் பால் திரிந்தால் இவள் இங்கே முகத்தைச் சுளிப்பாள். அந்த மூக்கை அவள் பெருமையாக நினைத்ததே இல்லை. தம்பி ஊர்க்காவலன் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தவன். ஒருநாள் காலை, அதே அறையில் கூட வேலை பார்த்த ஒருவனுக்கு முந்தின ராத்திரி குடித்தது தெளியவில்லை. கை தடுமாறித் தட்டைக் கீழே போட்டான். அறையில் ஒருவரும் மிஞ்சவில்லை. அன்று வேனில் அந்தக் குடிகாரன் மேல் அடித்த வாடை இருளம்மாள் மூக்கில் ஏறத்தான் செய்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, நமக்கென்ன என்று சும்மா இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. இப்போது அவள் மகன் முனியராஜும் மருந்து அறையில்தான் இருந்தான்.

சங்கம் வந்தபின் ஊர் கொஞ்சம் ஒரு மாதிரி ஆகிப்போனது. இருளம்மாள் தெருவில் நடந்தால் ஆண்கள் கும்பிடுவதை விட்டுவிட்டு ஊதினார்கள். கோயில் பூசாரி திருநீறு கொடுப்பதற்கு முன் ஊதினார். மீட்டர் பார்க்க வந்த வெளியூர்க்காரர், எல்லாரும் ஊதுகிறார்களே என்று தானும் ஊதிவிட்டுத்தான் மீட்டரைப் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் இவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "மாப்பிள்ளை சுத்தம். பூண்டு ஊறுகா மட்டும் சாஸ்தி" என்று இவள் சொன்ன பிறகே தட்டு மாறியது.

சீனிவாசகம் தன் அச்சகத்திலேயே அவள் படம் போட்டுப் போஸ்டர் அடித்தார். போட்டோவில் மூக்கு சரியாக விழவில்லை என்று, பழைய லட்சுமி காலண்டரிலிருந்து ஒரு மூக்கை எடுத்து ஒட்டிவிட்டார்கள். பேசரி மூக்குத்தி மின்னும் அந்த மூக்குடன் இருளம்மாள் சுவர் சுவராக இருந்தாள். முத்துக்கருப்பன் ஒரு கையால் போதைப் பாக்குப் பொட்டலமும் மறு கையால் ஏலக்காயும் விற்றான். மாதக் கூட்டத்தில் எழுந்து, இளைஞர்கள் சீரழிவதைப் பற்றி அழுதுகொண்டே பேசவும் செய்தான். அவன் அழுதது நிஜ அழுகை என்றுதான் சொல்ல வேண்டும்.

தொந்தரவு வேறு பக்கம் வந்தது. எவன் என்ன தின்றான் என்பதை இருளம்மாள் உரக்கச் சொல்லியே ஏற்றுவாள். "அயிர மீன் கொளம்பு. ஏறு" என்று ஒருநாள் சொல்லப்போக, அன்று மத்தியானமே ரெண்டு சம்பந்தி வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. "மீன் வாங்குனீகளாமே, எங்களுக்கு ஒரு துண்டு காங்கல" என்பது வழக்கு. மாமியார்கள் வேனடிக்கு வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

ஆடிக்காற்றில் இருளம்மாளுக்குச் சளி பிடித்தது. சளி போனது. கூடவே மூக்கும் போனது. கருவாட்டைச் சுட்டு முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மண்ணெண்ணெயை மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. பயந்துபோய்ச் சீனிவாசகத்திடம் ஓடினாள்.

"மொதலாளி, எனக்கு வாடையே தெரியல. வேற ஆளப் போடுங்க."

அவர் புதுப் போஸ்டரின் கலரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கு கெடக்கட்டும் தாயி. பயலுகளுக்குப் பயம் இருக்குல்ல? அது போதும். நீ பாட்டுக்கு நில்லு. வெளிய மட்டும் சொல்லிராத."

அவள் நின்றாள். ஆனால் தின்றதைச் சொல்ல வேண்டுமே? கோழி கூப்பிடும் முன்னே எழுந்து வீடு வீடாகப் போனாள். "என்ன மதினி, இன்னைக்கு என்ன காச்சுற?" என்று விசாரித்து, சட்டியையும் எட்டிப் பார்த்துக்கொண்டாள். இருளம்மாளுக்கு இப்போதெல்லாம் எம்புட்டுப் பிரியம் என்று ஊர் மெச்சியது. வேனடியில் கண்ணை மூடி, கேட்டு வைத்ததை ஒப்பித்தாள். மாமியார்கள்கூடச் சந்தேகப்படவில்லை. குடித்தவனை மட்டும் முழியைப் பார்த்துப் பிடித்தாள். அது பாதி நாள் வாய்த்தது. மீதி நாள் சாயந்திரம் திரும்புகிற வேனில் தலைகளை எண்ணிப் பார்க்கும்வரை அவளுக்கு உயிர் உயிராக இல்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. கூட்டாளி வீட்டில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போன முனியராஜ், காலையில் வரிசையில் கடைசியாக நின்றான். மற்றவர்கள் எல்லாரும் ஊதி ஏறிவிட்டார்கள். டிரைவர் கருப்பணன் ஹாரன் அடித்தான். முனியராஜ் படியில் கால் வைத்து ஊதினான். விடியவும் வீட்டுக்கு வந்து தின்றுவிட்டுத்தான் வந்திருப்பான் என்று நினைத்தாள்; சொந்த வீட்டுச் சட்டியை விசாரிக்கவா வேண்டும்?

"கம்மங்கூளு, மோர் மொளகா. ஏறு."

அவன் ஏறவில்லை. அம்மா முகத்தையே பார்த்தான். "யம்மா, நான் வீட்டுக்கே போகல. நேரா இங்க வாரேன். கூளு நீ மூடுன மானிக்கே இருக்கும்."

இருளம்மாளின் விரல்கள் சேலைத் தலைப்பைப் பின்னுவதை நிறுத்தின. அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏலே, குடிச்சிருக்கியா?"

"நீதான் மோந்து பாரேன்."

அவன் மருந்து அறைக்குப் போகிறவன். அவன் தாய்மாமன் செத்துப்போன அதே மாதிரி அறை. அவனுடன் இன்னும் மூன்று பேர் இருப்பார்கள். மோந்து பார்க்க அவளிடம் ஒன்றும் இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவள் வாய்விட்டுக் கத்தினாள்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சுய்யா! ஆடியிலயே போச்சு. ஒரு வாடையும் தெரியல. இம்புட்டு நாளும் ஒங்க வீட்டுச் சட்டியப் பாத்துத்தான் சொன்னேன்!"

முதலில் சிரித்தார்கள். முத்துக்கருப்பன், "குடிச்சவனப் பிடிக்கப் புது டெக்னிக்கு" என்று பக்கத்து ஆளிடம் விளக்கினான். ஒரு மாமியார், "அப்ப அந்த அயிர மீனு?" என்று கேட்டாள். "அது மூக்கு இருந்தப்ப, மதினி" என்று இருளம்மாள் அழுகையினூடே பதில் சொன்னாள்.

அப்போதுதான் வேனுக்குள் நடுச்சீட்டிலிருந்து செழியன் என்கிற இளவட்டம் எழுந்தான். எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு கீழே இறங்கி, அவள் முன்னால் வந்து நின்றான்.

"யத்தே, நேத்து ராத்திரி கொஞ்சம் ஓவராப் போச்சு. நீங்க ஏறுன்னு சொன்னீகளா, சரி, தெளிஞ்சிருச்சு போலன்னு நெனச்சேன்."

"எனக்கும் அப்பிடித்தான் சித்தி" என்று பின்னால் ஒருவன் இறங்கினான். ஜன்னலோரத்தில் இருந்தவனும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினான். தப்பிக்கப் பார்க்கிறான்கள் என்றுதான் இருளம்மாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர்களோ, தங்களுக்குத் தெளிந்ததா இல்லையா என்று இவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் ஊதியிருக்கிறார்கள். அவள் மூக்கை அவளைவிட அவர்கள் நம்பியிருந்தார்கள்.

"மூணு ஆள் கொறையுதுய்யா. கம்பெனியில என்ன சொல்ல?" என்றான் கருப்பணன்.

முனியராஜின் ஒரு கால் இன்னும் படியில்தான் இருந்தது. அவன் இறங்கிய மூவரையும் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு அந்தக் காலை எடுத்து மெதுவாகத் தரையில் வைத்தான்.

இருளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கென்று கொண்டுவந்த தன் தூக்குவாளியைத் திறந்தாள். கூழ் புளித்திருக்கிறதா என்று பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, அதை மகன் கையில் கொடுத்தாள்.